கேமரன் மலையில் பேருந்துக்கு ஒரு பத்து நிமிடம்

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை பிரிஞ்சாங்கிலிருந்து கீ ஃபார்ம் வரை வாகனங்கள் நகராமல் நிற்பது கேமரன் மலைவாசிகளுக்குப் புதிதில்லை. அந்த வரிசையில் உயரமாகத் தெரிவது சுற்றுலாப் பேருந்து. அதனாலேயே பழியும் முதலில் அதன் தலையில் விழுகிறது. இவ்வளவு பெரிய வண்டியை இந்த மலைக்கு ஏன் விடுகிறார்கள் என்று கடைக்காரரும் கேட்கிறார், காரில் வந்தவரும் கேட்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் பழி இடம் மாறிவிடும். 40 பேர் உட்கார்ந்து வரும் பேருந்தின் நீளம் 12 மீட்டர். அதே 40 பேர் காருக்கு நால்வராக வந்தால் 10 கார். ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி நிறுத்தினாலும் 50 மீட்டர் பிடிக்கும். காருக்கு இருவர் என்றால் நூறு மீட்டர். ஆக, அந்தச் சாலையில் ஆளுக்கு மிகக் குறைந்த இடத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் குழுவாக வருகிறவர்கள்தான். அப்படியும் பேருந்து தொல்லையாகத் தெரிகிறதென்றால், அது நிற்கும் விதம்தான் காரணம். எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்கலாம், ஆட்களை எந்தப் பக்கம் இறக்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. மலையை வெட்டிச் சாலையை அகலப்படுத்துவது பற்றிப் பேசுமுன் தீர்க்க வேண்டியது இந்தச் சில்லறை விஷயம்தான். சில்லறை என்பதாலேயே அது யார் மேசைக்கும் போய்ச் சேருவதில்லை.

இடத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். தாப்பாவிலிருந்து ஏறும் 59-ஆம் எண் கூட்டரசுச் சாலை ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், கீ ஃபார்ம் வழியாகக் கம்போங் ராஜாவைத் தொடுகிறது. அதன் தாப்பா பகுதி 1930-களின் தொடக்கத்தில், அந்தக் காலத்துக் கார்களையும் லோரிகளையும் மனதில் வைத்துப் போட்டது. பல பத்தாண்டுகள் கழித்துச் சிம்பாங் பூலாயிலிருந்து வந்த 185-ஆம் எண் சாலை வடக்கே இன்னொரு வாசலைத் திறந்தது. வாசல் இரண்டாயிற்றே தவிர, உள்ளே தெரு ஒன்றுதான். ஊரும் சந்தையும் ஸ்ட்ராபெரி தோட்டமும் கோயிலும் தங்கும் விடுதியும் அந்த ஒரே சாலையின் இரு ஓரங்களில் அமர்ந்திருக்கின்றன. ஒரு பேருந்து ஒரு வளைவில் நின்றுவிட்டால் அதைச் சுற்றிப்போக வேறு பாதை கிடையாது. தேயிலைத் தோட்டங்களும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. 1933-ல் தொடங்கிய பாரத் தேயிலையின் விற்பனை நிலையங்கள் ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கின்றன. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-ல் தொடங்கிய போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டமோ பிரிஞ்சாங்குக்கு அப்பால் பிரியும் ஒடுக்கமான சாலையில் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. எதிரே ஒரு கார் வந்தால் இரண்டில் ஒன்று ஒதுங்கியாக வேண்டும். பெரிய பேருந்துக்கு ஏற்ற சாலை அல்ல அது. குழுக்கள் வேனுக்கோ, இந்த மலைக்கே பேர்போன லேண்ட் ரோவருக்கோ மாறிக்கொண்டு போகின்றன.

அந்த மாற்றம் நடக்கும் இடத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் சிக்கல் முழுவதும் புரிந்துவிடும். பேருந்து இரட்டை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஏதோ ஒரு கடை வாசலில் ஒதுங்குகிறது. பாதி உடல் சாலையில் இருக்கிறது. ஓட்டுநர் இறங்கி, முன் கதவின் கீழ்ப்படிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போடுகிறார், ஏனென்றால் படிக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரம் மூட்டுவலிக்காரர்களுக்கு எட்டாது. இரண்டு மணி நேரம் வளைவுகளில் ஆடி வந்தவர்கள் இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி கழிப்பறை எங்கே என்பதுதான். அது அங்கே இல்லை. சிலர் சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போகிறார்கள். வேன்கள் பேருந்துக்குப் பின்னால் நிற்க இடமில்லாமல் முன்னால் நிற்கின்றன. பாட்டிகளும் பிள்ளைகளும் ஓடும் கார்களை ஒட்டியே நடந்து போய் ஏறுகிறார்கள். தலை எண்ணும் ஆசிரியருக்கு முப்பத்தொன்பதுதான் வருகிறது. நாற்பதாவது ஆள் வறுத்த சோளம் வாங்கிக்கொண்டிருக்கிறார். இதற்குள் கால் மணி நேரம் போய்விடுகிறது, பின்னால் வரிசை அரை கிலோமீட்டர் வளர்ந்துவிடுகிறது. இதில் யாரும் தவறு செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் தமக்குத் தெரிந்த இடத்தில் நிறுத்தினார். அதைவிட நல்ல இடம் என்று எதையும் யாரும் அவருக்குக் காட்டியதில்லை.

இறக்குவது, காத்திருப்பது, ஏற்றுவது ஆகிய மூன்றும் வேறு வேறு வேலைகள். நாம் மூன்றையும் ‘பார்க்கிங்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி, அந்த மூட்டைக்கு இடம் இல்லை என்று புலம்புகிறோம். இறங்குவதற்கு ஒருவருக்கு ஐந்து வினாடி என்று வைத்தாலும் 40 பேர் மூன்றரை நிமிடத்துக்குள் தரையில் இருப்பார்கள். ஏறுவதற்கும் அவ்வளவுதான், எல்லாரும் வரிசையில் தயாராக நின்றால். நேரத்தைத் தின்பது காத்திருப்பு. ஒரு மணி நேரத்தில் 12 பேருந்துகள் வருகின்றன, ஒவ்வொன்றும் 10 நிமிடத்தில் இறக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது என்றால், ஒரே சமயத்தில் நிற்பவை சராசரியாக இரண்டு. சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் என்ன என்று இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டாலும் நான்கு இடம் போதும். அதே 12 பேருந்துகளும் பயணிகள் திரும்பும்வரை ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றால் 18 இடம் வேண்டும். கால் கிலோமீட்டருக்கு மேல் சாலையோரம் போய்விடும். சமதரை அரிதான ஒரு மலையில் 18 பேருந்து நிற்கத் தளம் வெட்டுவதா, நான்கு பேருந்துக்குக் கோடு போட்டுக் கடிகாரம் வைப்பதா என்பதே கேள்வி. காத்திருப்பதற்குத் தனி இடம் வேண்டும்தான். ஆனால் அது தோட்டத்து வாசலிலோ சந்தை நடுவிலோ இருக்கத் தேவையில்லை. ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பேருந்துக்குக் கால் வலிக்காது.

பேருந்து ஆட்களை இறக்கி ஏற்றும் அந்த இடம், அதாவது ஏற்றிடம், எப்படி இருக்க வேண்டும் என்பதில் மர்மம் எதுவுமில்லை. நம் பேருந்துகளின் கதவு இடப்பக்கம். ஆகவே பயணி இறங்கும்போது இடப்பக்கம் நடைமேடை இருக்க வேண்டும். சாலையின் தவறான பக்கத்தில் இடம் ஒதுக்கினால் நாற்பது பேரையும் போக்குவரத்துக்குள் இறக்கிவிடுகிறோம். மேடை முக்காலி தேவைப்படாத உயரத்தில் இருந்தால், இறங்கும் நேரம் தானாகக் குறையும். 12 மீட்டர்ப் பேருந்து முழு வட்டம் திரும்ப ஏறக்குறைய 25 மீட்டர் விட்டம் கேட்கும். பின்னோக்கி எடுத்துத் திருப்பும்படி விட்டால் பின்னால் ஒரு பிள்ளை நிற்கும் நாளில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலப் பிற்பகலில் கூரை இல்லாத ஏற்றிடத்தில் யாரும் முன்கூட்டி வந்து வரிசையில் நிற்க மாட்டார்கள். பேருந்து உள்ளே வந்த பிறகே ஓடி வருவார்கள், பத்து நிமிடம் இருபதாகும். கழிப்பறையும் அப்படித்தான். அதை ஏற்றிடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கூட்டம் அங்கேயே தேங்கும். மலையின் இரு வாசல்களிலும், அதாவது தெற்கே ரிங்லெட் பக்கமும் வடக்கே கம்போங் ராஜா பக்கமும், பேருந்து முதலில் நின்று மூச்சு வாங்கும் இடத்தில் வைத்தால் உள்ளே நேரம் மிச்சமாகும். சுற்றுலாத் துறை அறிக்கைகளில் கழிப்பறை தூய்மைக்கான தலைப்பாகவே வருகிறது. போக்குவரத்துக்கும் அதுவே தலைப்பு.

இவ்வளவு எளிது என்றால் ஏன் நடக்கவில்லை? இந்த வேலைக்குச் சொந்தக்காரர் இல்லை என்பதுதான் உண்மையான விடை. சாலை கூட்டரசுக்குச் சொந்தம், பொதுப்பணி இலாகா பார்த்துக்கொள்கிறது. சாலையோரக் கடைகளும் நிறுத்தக் கட்டணமும் மாவட்ட மன்றத்தின் கையில். பேருந்து உரிமம் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அப்பாட்டிடம். நெரிசல் வந்தால் விசில் ஊதுவது போலீஸ். தோட்டத்துச் சாலை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. பயணத் திட்டம் போடுவதோ கிள்ளானிலோ ஈப்போவிலோ பினாங்கிலோ இருக்கும் ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஒரு கோயில் நிர்வாகம், ஒரு பயண முகவர். ஆறு பேருக்கும் ஆறு எல்லைகள் உண்டு. பேருந்து நிற்கும் அந்த 12 மீட்டர் எவருடைய எல்லைக்குள்ளும் முழுதாக விழுவதில்லை. மலேசியா வருகை ஆண்டு 2026-க்கான விளம்பரத்தில் கேமரன் மலையின் தேயிலைச் சரிவு அழகாக இருக்கிறது. அந்தச் சரிவுக்கு வருகிறவர் எந்த மேடையில் இறங்குவார் என்பதை விளம்பரப் பலகை சொல்ல முடியாது.

சொந்தக்காரர் ஒருவர் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் நல்ல சாட்சி. ஏரிக்கும் மலைக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருக்கும், ஆயிரம் பேர்கூட வசிக்காத அந்த ஊர், பேருந்துகளால் திணறியபோது தடை போடவில்லை. 2020 முதல் ஒவ்வொரு சுற்றுலாப் பேருந்தும் வரும் நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும் என்று விதித்தது. வந்த குழு ஒரு குறைந்தபட்ச நேரமாவது ஊரில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. படம் எடுத்துவிட்டு ஓடும் பேருந்துகள் அதனால் வடிகட்டப்பட்டன. அதே நாட்டின் சால்ஸ்பர்க் நகரம் 2018-லேயே பேருந்து ஏற்றிடங்களுக்கு முன்பதிவைக் கட்டாயமாக்கியிருந்தது. இரண்டு இடங்களிலும் ஏற்றிடமும் முன்பதிவும் கட்டணமும் ஒரே கையில் இருந்தன என்பதே அவற்றின் பலம்.

ஐரோப்பாவெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்குச் சபரிமலை தெரிந்திருக்கும். 2018 ஆகஸ்ட் வெள்ளம் பம்பைக் கரையை வாரிக்கொண்டு போன பிறகு, நிலக்கல் அடிவார முகாமாயிற்று. தனியார் வாகனங்கள் அங்கே நின்றன, அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பம்பைக்குக் கேரள அரசுப் பேருந்துகள் சங்கிலித்தொடராக ஓடின. லட்சக்கணக்கான பக்தர்களை, அவர்களில் ஏராளமான தமிழர்களையும், அந்த ஏற்பாடு சுமந்தது. அதன் குறையையும் பக்தர்கள் சொல்லக் கேட்கலாம். போகும்போது இருந்த வேகம் திரும்பும்போது இல்லை. களைத்து இறங்கியவர்கள் பேருந்துக்காக நெடுநேரம் நின்றார்கள். கேமரன் மலைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டாவது பாதியைத்தான். காலையில் கூட்டம் சிதறி வரும், மாலையில் ஒன்றாகத் திரும்பும். பேருந்தில் வந்தவர்களைத் தோட்டத்துக்கு ஏற்றிச் செல்லும் மாற்று வண்டிகளின் எண்ணிக்கையைத் திரும்பும் நேரத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

ஊட்டியும் கொடைக்கானலும் வேறொரு பாதை பிடித்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் இரண்டு மலைகளுக்கும் இ-பாஸ் என்ற மின்னணு அனுமதிச்சீட்டு வந்தது. 2025 ஏப்ரலில் நாளொன்றுக்கு இத்தனை வாகனங்கள்தான் என்ற உச்சவரம்பும் சேர்ந்தது. ஊட்டிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானல் 2024 நவம்பரில் 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துகளையும் தடுத்தது. மலையின் தாங்குதிறனை யாரோ கணக்கிட முன்வந்தார்கள் என்பதற்காக இதைப் பாராட்டலாம். ஆனால் வாகனத்தை எண்ணும் கணக்கில் இருவர் வரும் காரும் நாற்பது பேர் வரும் தனிப் பேருந்தும் ஒவ்வொன்றாகவே விழும் ஆபத்து உண்டு. கேமரன் மலையில் உச்சவரம்பு வருமானால் அது ஆளைக் கொண்டு எண்ணட்டும், குழுப் பேருந்துக்கு முன்னுரிமை தரட்டும்.

தோட்டங்களுக்குத் திரும்புவோம். சுங்கை பாலாஸ் போன்ற தோட்டத்துச் சாலையைச் சுற்றுலாச் சாலையாக மட்டும் பார்ப்பது நமது பழக்கம். அது முதலில் வேலைச் சாலை. கொழுந்து பறித்த அன்றே ஆலைக்குப் போயாக வேண்டும். குவியலாகக் கிடந்தால் சூடேறித் தரம் கெடும். லயத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும், நோயாளி மருத்துவமனைக்குப் போவதும் அதே சாலையில்தான். நெரிசலில் சிக்கும் கொழுந்து லோரியைப் பற்றி விடுமுறைக் கூட்டத்தில் யாரும் கவலைப்படுவதில்லை. ஆகவே மாற்று வண்டிகள் கண்டபடி ஏறி இறங்காமல், இருபது நிமிடம் ஏற்றம், இருபது நிமிடம் இறக்கம் என்று முறைவைத்து ஓடட்டும். இரு முனையிலும் வாக்கி-டாக்கியோடு ஒருவர் நின்றால் போதும். கொழுந்து லோரிக்கும் தோட்டத்து வண்டிகளுக்கும் எப்போதும் முதல் வழி. 12 பேர் வேனில் நாற்பது பேரை ஏற்ற நான்கு நடை. 25 இருக்கை மினி பேருந்தில் இரண்டே நடை. ஒடுங்கிய சாலையில் வண்டிகளின் எண்ணிக்கையைப் பாதியாக்குவது அகலப்படுத்துவதற்குச் சமம், ஒரு பிடி மண்ணைக்கூட வெட்டாமல்.

சாலையையே அகலப்படுத்திவிட்டால் என்ன என்பது வலுவான கேள்விதான். இங்கு வாழ்கிறவர்கள் எரிச்சலோடு கேட்கும் கேள்வி. இரண்டு நிகழ்வுகளை நினைவில் கொள்ள வேண்டும். 2010 டிசம்பர் 20 அன்று, பழைய தாப்பா சாலையைவிட அகலமான சிம்பாங் பூலாய் சாலையில்தான் கேமரன் மலையிலிருந்து இறங்கிய பேருந்து கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் தாய்லாந்துச் சுற்றுப்பயணிகள். அகலம் சரிவைக் குறைப்பதில்லை, வேகத்தைக் கூட்டுகிறது. 2024 ஜனவரி 26 அன்று கம்போங் ராஜாவின் புளூ வேலியில் நிலம் சரிந்து ஐந்து மியன்மார் தொழிலாளர்கள் மாண்டனர். இந்த மலையின் மண் மழையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதற்குமேல் சான்று தேவையில்லை. வளைவுகளில் சில இடங்களைச் சீர்செய்வது வேறு. பேருந்து நிறுத்தவென்று புதிதாகச் சரிவை வெட்டுவது வேறு. காத்திருப்பு இடத்துக்கு ஏற்கெனவே சமன்செய்து கிடக்கும் தரையை மட்டுமே தேட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கலாகாது.

வியாபாரிகளின் அச்சம் நியாயமானது. பேருந்து வாசலில் நின்றால்தானே நாற்பது பேர் தேன்பாட்டிலும் ஸ்ட்ராபெரியும் வாங்குவார்கள்? சிலருக்கு இழப்பு வரும், மறைப்பதற்கில்லை. குறிப்பாக, ஓட்டுநரோடும் வழிகாட்டியோடும் ஏற்பாடு வைத்திருக்கும் கடைகளுக்கு. ஆனால் ஒரே பேருந்து ஒன்றரை மணி நேரம் அடைத்துக்கொண்டிருந்த ஓரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்து இறக்கிவிட்டுப் போனால், அந்தத் தெருவில் கால்வைக்கும் ஆட்கள் பல மடங்கு ஆவார்கள். முதியவர்களை வண்டி மாற வைப்பது கொடுமை என்பார்கள். இப்போதும் சுங்கை பாலாஸுக்கு அவர்கள் மாறித்தான் போகிறார்கள், மேடை இல்லாத சாலையோரத்தில். சக்கர நாற்காலியோடு வருபவரின் வண்டிக்கு வாசல்வரை அனுமதி என்பதை விதியிலேயே எழுதிவிடலாம்.

நம் ஆட்களுக்கு நேரம் பிடிபடாது, முன்பதிவெல்லாம் ஏட்டில்தான் இருக்கும் என்ற ஏளனமும் உண்டு. தாப்பாவில் ஒரு மரம் விழுந்தாலே எல்லாருடைய நேரமும் குலைந்துவிடும் என்பது உண்மை. ஆகவே முன்பதிவு நிமிடக் கணக்கில் இருக்கக் கூடாது. அரை மணி நேரச் சாளரமாக இருக்கட்டும். பிந்தி வந்த பேருந்தும், பதிவே செய்யாமல் வந்த பேருந்தும் திருப்பி அனுப்பப்படத் தேவையில்லை. அவை ரிங்லெட்டிலோ கம்போங் ராஜாவிலோ காத்திருக்கும், இடம் காலியானதும் அழைப்பு வரும். பதிவு செய்தவருக்குக் கட்டணம் குறைவு, செய்யாதவருக்கு அதிகம் என்றால் இரண்டு விடுமுறைகளில் பழக்கம் வந்துவிடும்.

குழுவை அழைத்து வருகிறவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2025 ஜூன் 9 அன்று கெரிக் அருகே சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் வந்த வாடகைப் பேருந்து கவிழ்ந்து 15 பேர் இறந்த பிறகு, பேருந்தின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது யார் என்று கேட்கும் விழிப்பு கொஞ்சம் வந்திருக்கிறது. அந்த ஜூலை முதல் சுற்றுலாப் பேருந்துகளில் இருக்கைப்பட்டியும் கட்டாயமாயிற்று. இன்னும் கேட்கப்படாத கேள்வி, நாங்கள் தேநீர் குடிக்கும்போது ஓட்டுநர் எங்கே இருப்பார் என்பது. இடமில்லாமல் பிரிஞ்சாங்கைச் சுற்றிச் சுற்றி வந்தவர், போலீஸ் விரட்ட மூன்று முறை வண்டியை நகர்த்தியவர், மாலையில் கியரைக் குறைத்து, பிரேக்கைக் காத்து, நாற்பது பேரோடு அறுபது கிலோமீட்டர் வளைவுகளில் இறங்க வேண்டும். அவர் கால்நீட்டிப் படுக்க நிழலான இடம் இருந்தால், அந்த ஒன்றரை மணி நேரம் பயணத்தின் மிகப் பயனுள்ள பகுதியாகிவிடும். வாடகை ஒப்பந்தத்தில் புறப்படும் நேரமும் தொகையும் எழுதுகிறோம். இறங்கும் இடம், ஏறும் இடம், இடையில் பேருந்து நிற்கும் இடம், ஓட்டுநரின் ஓய்வு நேரம் என்று இன்னும் நான்கு வரிகள் சேர்க்கலாம். முகவர் அந்த நான்கில் எதற்கும் பதில் வைத்திருக்கவில்லை என்றால், தலைக்கு ஐந்து வெள்ளி குறைவு என்பதற்காக அவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம்.